நான்கு விரல் ஆழம்

வேலி நெடுகக் குருவிகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடத் தண்ணீர் குடிக்கவில்லை.

வெர்னா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். மினசோட்டாவின் ஜனவரியில் ஏரியும் ஓடையும் கல்லாய் உறைந்து கிடக்க, அவள் கொல்லையில் சிறு தூணின் மேலிருந்த சிமென்ட் தொட்டியில் மட்டும், உள்ளே போட்ட மின்சூடாக்கியின் தயவில், நான்கு விரல் ஆழத் தண்ணீர் மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. குருவிகளுக்காக அவள் கணவன் ஹார்லன் வைத்த தொட்டி அது. போன மாதம் உறைந்த ஏரியின் மேல் நடந்து மீன்பிடிக்கப் போனபோது, காலடிப் பனி உடைந்து உள்ளே போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை, பனி உருகட்டும் என்றார்கள் தேடியவர்கள். கூடப் போன பக்கத்துவீட்டு ட்வைட் திரும்பி வந்தான், சட்டைக்கை நுனிகூட நனையாமல்.

"கையை நீட்டுறதுக்குள்ள போயிட்டான், வெர்னா."

நனையாத அந்தக் கை அவளைத் தூங்கவிடவில்லை.

ட்வைட் தினமும் வேலியோரம் வந்து நிற்பான்.

"அந்தச் சூடாக்கிய அணைச்சுத் தொலையேன்."

"ஏன், குருவிங்க உன் வீட்டுச் சோத்தையா திங்குது?"

"எங்க குடிக்குதுங்க? பயந்துபோய் உக்காந்திருக்குதுங்க."

சிரித்தபடிதான் சொல்வான். தொட்டியை மட்டும் பார்க்கமாட்டான். ஒரு வாய் தண்ணீரோடு இவனுக்கு என்ன பகை?

இன்று காலை தண்ணீர் ஊற்றப் போனவள் குனிந்ததும் நிமிர்ந்துவிட்டாள். ஏரிப்பாசியின் வாடை. தொட்டி விளிம்பில் பச்சைக் கம்பளி நூல் ஒன்று உறைந்து ஒட்டியிருந்தது. ஹார்லனுக்கு அவள் பின்னிக்கொடுத்த கையுறையின் பச்சை. அதைப் போட்டுக்கொண்டுதான் ஏரிக்குப் போனான். அந்தக் கையுறையை ட்வைட் வைத்திருக்கிறானா? எதற்கு?

பொழுது சாய்ந்ததும் ட்வைட் வேலியைத் தாண்டினான். சூடாக்கியின் மின்கம்பியைப் பிடுங்க வருகிறான். அவள் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றாள். என்ன செய்கிறான் என்று பார்க்கவேண்டும்.

குருவிகள் மொத்தமாக எழுந்து பறந்தன. பிறகு சத்தமே இல்லை.

கம்பியருகே குனிந்தவன் அதைத் தொடவில்லை. தொட்டிக்குள் பார்த்தான்.

"பயந்துட்டேன்டா ஹார்லன்." ஜன்னல் இடுக்கில் அவன் குரல் கேட்டது. "எட்டுற தூரத்துலதான் இருந்த. நான் கையை நீட்டல."

அவன் கை தானாக நீண்டது.

மணிக்கட்டு உள்ளே போனது.

முழங்கை.

தோள்.

நான்கு விரல் ஆழம். தொட்டிக்கு அடியில் வெறும் தூண்.

அவன் கன்னம் தண்ணீரில் பதிந்தது. கண்கள் அவளைப் பார்த்தன. அவன் பிடரியின் மேல், சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பச்சைக் கையுறை மெல்ல விரிந்து படிந்தது.