நாலு சுருள் கனம்

ஆறாம் வகுப்புக்குச் சுடர்விழி புதிதாக வந்து சேர்ந்தாள். அரியாங்குப்பத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க. இந்த வண்டிக்கு ஹாரன் கிடையாது" என்றாள்.

வகுப்பே சிரித்துவிட்டது. ஜன்னல் ஓரம் மூன்றாவது வரிசையில் இருந்த ஜோவிதாவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பிள்ளைகளின் மேசைகள் எல்லாம் தாழ்வானவை. சக்கர நாற்காலியின் கைப்பிடிகள் மேசை விளிம்பில் முட்டிக்கொண்டன. ஆதிலட்சுமி டீச்சர் இரண்டு மூன்று மேசைகளை மாற்றிப் பார்த்தார். கடைசியில் தன் மேசைக்கு அருகிலேயே சுடர்விழியை உட்கார வைத்தார். அந்த மேசை மட்டும்தான் உயரம்.

மதியம் சாப்பிடும்போது ஜோவிதா அவளிடம் போனாள்.

"அந்த இடம் உனக்குப் பிடிச்சிருக்கா?"

சுடர்விழி தயிர்சாதத்தைக் கிளறினாள். "டீச்சர் நல்லவங்கதான். ஆனா நீங்கல்லாம் என் முதுகுக்குப் பின்னால இருக்கீங்க. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னே தெரியல."

"எங்க உக்காரணும்னு உனக்கு ஆசை?"

சுடர்விழி யோசிக்கவே இல்லை. "ஜன்னல் ஓரம். உன் பக்கத்துல."

ஜோவிதாவின் அம்மா பெர்னதெத், நெல்லித்தோப்பில் மரப்பட்டறை வைத்திருந்தார். கதவு, நிலை, கட்டில் எல்லாம் அங்கே உருவாகும். பள்ளி விட்டதும் ஜோவிதா நேராகப் பட்டறைக்கு ஓடினாள்.

"அம்மா, மேசையை உயரமாக்க முடியுமா? ஒரு சாண் எல்லாம் வேணாம். கைப்பிடி உள்ள போனாப் போதும்."

"புது மேசை செய்யலாமே."

"வேணாம்மா. எங்க மேசையே வேணும். அதுலதான் அவளும் உக்காரணும்."

எவ்வளவு உயரம் வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு மூலையில் கிடந்த வேப்ப மரத் துண்டை இழுத்துப் போட்டார். நான்கு கட்டைகள் அறுத்தார். மேசைக்கால் இறுக்கமாகப் பொருந்தி நிற்க, ஒவ்வொன்றின் மேலும் உளியால் ஒரு குழி வெட்டினார்.

"நீ மட்டும் தாழ்வா இருப்பியே?" என்று கேட்டார்.

அதை ஜோவிதா யோசிக்கவே இல்லை. "அப்போ எனக்கு ஒரு முக்காலிம்மா."

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே, கட்டைகளும் முக்காலியுமாக அம்மாவின் ஸ்கூட்டர் பள்ளிக்கு வந்துவிட்டது. டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, நான்கு பிள்ளைகள் மேசையைத் தூக்க, அம்மா கால்களுக்கு அடியில் கட்டைகளை வைத்தார். சுடர்விழி நாற்காலியை உருட்டினாள். கைப்பிடிகள் மேசைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போயின.

அவள் மகிழ்ச்சியோடு முழங்கையை ஊன்றினாள். மேசை 'டக்' என்று சாய்ந்தது. கையை எடுத்தாள். மறுபடி 'டக்'.

"மேசையும் பள்ளிக்கூடத்துக்குப் புதுசு போல. நடுங்குது" என்றாள் சுடர்விழி.

"பழைய தரை. மேடும் பள்ளமுமா இருக்கு" என்றார் அம்மா. பையைத் திறந்து, மரம் சீவும் இழைப்புளியை வெளியே எடுத்தார்.

பட்டறையில் மின்சார இழைப்பு இயந்திரம் இருந்தது. ஆனால் இது நுணுக்கமான வேலை. இதற்குக் கைதான் வேண்டும். அம்மா இழைப்புளியைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதற்குள் இருந்த உளியின் நுனி மயிரிழை அளவுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு. போதும்.

ஒரு கட்டையோடு எல்லாரும் வராந்தாவுக்கு வந்தார்கள். அம்மா அதைப் படியோடு முட்டுக் கொடுத்து வைத்து இழைத்தார். இழைப்புளி 'கரக்' என்று திக்கியது. மரம் பிசிறிக்கொண்டு எழுந்தது.

"இந்தப் பக்கமா வர மாட்டேங்குது" என்று அம்மா கட்டையைத் திருப்பி வைத்தார். இப்போது 'சர்ர்ர்' என்று பட்டுத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. இழைப்புளியின் வாயிலிருந்து ஒரு சுருள் புறப்பட்டு, வளைந்து வளைந்து தரையில் விழுந்தது. வேம்பின் கசந்த வாசனை வராந்தா முழுக்கப் பரவியது.

சுடர்விழி அந்தச் சுருளை எடுத்து விரித்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"மரமா இது? வெங்காயத் தோல் மாதிரி இருக்கு" என்றாள். ஜோவிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் பார்க்கிற வேலைதான். ஆனால் இன்று தன் அம்மாவின் கைகளைப் புதிதாகப் பார்ப்பது போலிருந்தது.

கட்டையை வைத்துப் பார்த்தார்கள். 'டக்'. இன்னும் கொஞ்சம் இழைத்தார். மேசை இப்போது வேறு பக்கம் சாய்ந்தது. தூக்கித் தூக்கிப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது.

ஆதிலட்சுமி டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு நாள் அவ என் மேசையிலேயே இருக்கட்டுமே."

சுடர்விழியின் முகம் சுருங்கியது. "பரவால்ல டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லி, நாற்காலியைப் பின்னால் இழுக்கத் தொடங்கினாள்.

"ஒரு நிமிஷம் டீச்சர்" என்றாள் ஜோவிதா.

தரையில் குப்புறப் படுத்தாள். ஒரே ஒரு கட்டைதான் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அந்த இடைவெளி எவ்வளவு? அளவுகோலை நீட்டினாள். அதில் இருந்த கோடுகளைவிட இடைவெளி சின்னது.

வராந்தாவுக்கு ஓடி, அங்கே கிடந்த மரச்சுருள்களை அள்ளி வந்தாள். ஒன்றை விரித்து அந்த இடைவெளிக்குள் தள்ளினாள். இன்னொன்று. இன்னொன்று. நான்காவது சுருளும் உள்ளே போனதும், "இப்ப ஆட்டிப் பாரு சுடர்" என்றாள்.

சுடர்விழி இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்தினாள். மேசை அசையவே இல்லை.

"அப்படியே விட்டுடலாமே" என்றார் டீச்சர்.

"தரையைக் கூட்டும்போது சுருள் வெளியே வந்துடும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஜோவிதா எழுந்தாள். "அம்மா, நாலு சுருள் கனம்தான் வித்தியாசம். அந்தக் கட்டையில எதையும் ஒட்ட முடியாது. ஆனா பக்கத்துக் கட்டையில அதே அளவு சீவிட்டா ரெண்டும் சமமாயிடும்ல? உளி வச்ச அளவை மாத்தாம, நாலு சுருள் மட்டும்."

அம்மா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பிறகு சிரித்தார். "நான் கண்ணால பார்த்து இழைச்சேன். நீ அளந்துட்ட. கொண்டா அந்தப் பக்கத்துக் கட்டையை."

ஒரு சுருள். பிள்ளைகள் சேர்ந்து எண்ணினார்கள். இரண்டு. மூன்று. நான்காவது சுருள் தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாமல் வந்தது. அம்மா அதோடு நிறுத்திவிட்டார்.

ஜோவிதா பழைய சுருள்களை உருவி எடுத்தாள். கட்டையை வைத்து மேசையை இறக்கினார்கள். சுடர்விழி முழங்கையை ஊன்றினாள். சத்தமே இல்லை. ஒரு மூலையை அழுத்தினாள். எதிர் மூலையை அழுத்தினாள். டீச்சரும் வந்து தன் பங்குக்கு ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

"கல்லு மாதிரி நிக்குது" என்றார் அவர்.

அம்மா கிளம்பும்போது சுடர்விழி கேட்டாள். "ஆன்ட்டி, அந்தக் கடைசிச் சுருளை நான் வச்சுக்கட்டுமா?"

"உனக்குத்தான்" என்றார் அம்மா.

ஜோவிதா புது முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின. இருவரும் மேசை நடுவில் புத்தகத்தை விரித்தார்கள். டீச்சர் பலகையில் கணக்கு எழுதத் திரும்பினார். சுடர்விழி குனிந்து ஜோவிதாவின் காதில் ஏதோ சொன்னாள். ஜோவிதா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"மூணாவது வரிசை, ரெண்டு பேரும் எழுந்து நில்லுங்க" என்றார் டீச்சர் திரும்பாமலே.

"நான் எப்படி டீச்சர் நிக்கிறது?" என்று கேட்டாள் சுடர்விழி.

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று கணக்குப் பாடம் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது.