வேண்டாத வரிகள்

கதை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். அலுவலகக் கடிதங்களைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகியதில்லை. ஷண்முகப்ரியாவுக்கு நேர்ந்ததை வரிசை பிசகாமல் சொல்ல மட்டும் முயல்கிறேன்.

ஆயுத பூஜையன்று பிற்பகல், மயிலாப்பூரில் அவள் நடத்திவந்த ரத்ததானச் சங்கத்தின் அறையில் ஏதோ குறைந்தாற்போல் அவளுக்குத் தோன்றியது. சாம்பிராணிப் புகையும், தட்டில் நமத்துப்போன பொரியின் வாசமும், வாசலில் உடைந்து கிடந்த பூசணியின் ஈர மணமும் எல்லா ஆண்டும் போலவே இருந்தன. ஒன்பது ஆண்டுகளாக மூலையில் ஓயாமல் ஓடிய சர்வர் கணினியின் இரைச்சல்தான் இல்லை. வழக்கமாக அதற்குச் சந்தனப் பொட்டு மட்டும் வைப்பார்கள். மற்றக் கருவிகளைப் போல அதுவும் ஒருநாள் ஓய்வெடுக்கட்டும் என்று இவ்வாண்டு அவளே அணைத்திருந்தாள்.

மூன்று மணிக்கு அடையாற்றில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. தம்பி ஹரி விபத்தில் சிக்கியிருந்தான். அவனுக்கு மிக அரிதான பம்பாய் வகை ரத்தம்; ஆறு மணிக்குள் வேண்டும். ரத்த வங்கிகளில் இருப்பு இல்லை. அவள் ரத்தமும் சேராது. நகரில் அவ்வகை ரத்தம் உடைய ஏழு பேரின் எண்கள் அந்தச் சர்வரில் மட்டுமே இருந்தன. யாரும் படி எடுத்து வைத்திருக்கவில்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. இணையப் பக்கம் வரவில்லை. அதை இயக்கிய மென்பொருள் மிகப் பழையது. யாரோ சிலர் தம் ஓய்வு நேரத்தில் எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து, கைக்காசு போட்டுப் பராமரித்து வந்தது. ஒவ்வொருவராக விலகிப்போக, எழுதிக் கேட்டால் பதில் தருபவர் ஆதம்பாக்கத்துச் சிதம்பரநாதன் ஒருவரே எஞ்சியிருந்தார். அவரை அவள் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.

இரண்டே நிமிடத்தில் திருத்தம் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: ‘வேண்டாத வரிகளை இனி அதுவே நீக்கிக்கொள்ளும்.’

திருத்தத்தை நிறுவினாள். பக்கம் திறந்தது. ஏழு பெயர்கள். வலப்புறம் தலைப்பில்லாத புதிய கட்டங்கள், காலியாக.

முதல் பெயர் ராயப்பேட்டை அமீன்.

“இன்னாமா, பூஜை நாள்ல கூட லீவு உடமாட்டியா?” என்று சிரித்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. “தம்பிக்கா? தோ, வண்டிய எடுத்துட்டேன். நீ அழுவாத.”

அவர் பேசி முடித்ததும், அவர் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் 4.10 என்று தோன்றியது.

அது என்னவென்று கேட்க, மின்னஞ்சலின் அடியில் இருந்த சிதம்பரநாதனின் வீட்டுத் தொலைபேசி எண்ணை அழைத்தாள். அவர் மனைவி தங்கபுஷ்பம் எடுத்தார்.

“அவரா? ஆனி மாசமே தவறிட்டாரும்மா. அவரோட கம்ப்யூட்டரைக்கூட பழைய சாமான்காரன்ட்ட போட்டாச்சு. நீ யாரும்மா?”

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

நாலு பத்து. அமீனின் வரி மங்கியது. மறைந்தது. கீழிருந்த பெயர்கள் மேலேறி அந்த இடத்தை நிரப்பின.

அமீனை அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்தது. வேறொரு குரல் எடுத்தது. பின்னால் பேருந்துகளின் ஹாரன்.

“வண்டிக்காரு உனக்கு இன்னா ஆவணும்மா? சொந்தக்காரங்க யார்னா இருந்தா வரச் சொல்லு. மூஞ்சிய மூடிட்டாங்க.”

உடனே மருத்துவமனையிலிருந்து நர்ஸ். “மேடம், டோனர் கிளம்பிட்டாங்களா? பிரஷர் இறங்கிட்டே இருக்கு.”

அடுத்த பெயர் தரமணி தேவானை. “ஆட்டோ பிடிச்சுட்டேங்க, வந்துடறேன்.”

கட்டத்தில் 4.45.

“வேண்டாம், இறங்கிடுங்க.” தொடர்பு ஏற்கெனவே அறுந்திருந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். சர்வரின் விளக்குகள் அணைந்தன. இரைச்சல் நிற்கவில்லை. கைபேசியில் பக்கம் அப்படியே இருந்தது. சர்வரைத் தொட்டாள். உடம்புச் சூடு.

4.45. ஐந்து வரிகள்.

“மேடம், வேற யாராவது இருக்காங்களா?”

ஹரி. ஐந்து பெயர்கள். ஹரி.

விரல் முதல் பெயரின் மேல் நின்றது. நின்றது. அழுத்தியது.

அன்று மாலை இழந்தவர்கள் இவர்கள்: அமீன், தேவானை, மேலும் ஐவர். ஏழு பேரையும் அழைத்தவள் அவளே. ஆறு இருபதுக்கு ஹரியும். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர் எவருமில்லை.