ஏசி பூட்டாத சுவர்

காலை ஆறேகாலுக்கு, மல்லாவியில், செல்வநாயகத்தாரின் அறைக் கதவை உடைத்தார்கள். கட்டிலில் கிழவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். கட்டிலுக்கடியில் அவருடைய பூனை செத்துக் கிடந்தது. தலைமாட்டில் மூடி போட்ட பால் கோப்பை, பாதி காலியாகியிருந்தது.

"பாலுக்க நஞ்சு வைச்சிட்டாள்! என்ர அப்பாவைச் சாகடிச்சிட்டாள்!"

மகன் சிவகரன் வாசல் படலையில் நின்று கத்திய கத்தலில் தெருவே திரண்டுவிட்டது. பால் கொடுத்தவள் அவன் மனைவி ராஜினி. பிறகென்ன, விசாரணையை ஊரே முடித்துவிட்டது! ஆஸ்பத்திரியிலும் நஞ்சுக்குத்தான் வைத்தியம் தொடங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜனார்த்தனன் வந்தபோது ராஜினி குசினி வாசலில் நின்றாள். பாவம், அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"நேற்று மாமாவோட சண்டையோ?"

"ஓம் சேர். புது ஏசியை எந்தச் சுவரில பூட்டிறதெண்டு. தெற்குச் சுவரெண்டா கட்டிலைத் திருப்பி வடக்க தலை வைக்கோணும். மாமா செத்தாலும் மாட்டனெண்டிட்டார். பிறகு கிழக்குச் சுவரில பூட்டினவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இந்த மனுசன் போய்த் துலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதியெண்டு... கோவத்தில சொன்னது சேர். என்னை ஆரும் நம்பமாட்டினம், என்ன?"

இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனார். கிழக்குச் சுவரில் புத்தம்புது ஏசி. தெற்குச் சுவரின் மூலையில், கூரையை ஒட்டி, ஒரு பிள்ளையார் படம்.

"கோப்பையை மூடினது ஆர்?"

"அப்பாதான்," என்றான் சிவகரன். "எறும்புக்காக எப்பவும் மூடித்தான் வைப்பார். நாங்கள் ஒருத்தரும் தொடேல்லை."

"அப்ப பூனை பாலைக் குடிச்சிட்டு மூடியும் வைச்சதோ?"

சிவகரன் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான்.

"பாலைத் தொடாத பூனையும் செத்திருக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவாயிருந்தது இந்த அறைக் காத்துத்தான். சரி, அந்தப் பிள்ளையாருக்கு ஏணி வைச்சோ பூ வைக்கிறனீங்கள்?"

இன்ஸ்பெக்டர் கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினார். பின்னால் கை நுழையுமளவு ஓட்டை. படத்தின் முதுகெல்லாம் கரி.

"ஏசிக் குழாய்க்கு முதல்ல இங்கதான் துளைச்சது," என்று முணுமுணுத்தான் சிவகரன். "சுவரைப் பழுதாக்கிப்போட்டனெண்டு அப்பா ஏசுவார். விடியப் பூசலாமெண்டு படத்தைக் கொழுவினனான்."

"இரவு ஊரெல்லாம் கரண்ட் இல்லையே. ஜெனரேற்றர் எங்க நிண்டது?"

"மழையெண்டு பின்பத்திக் கொட்டிலுக்குள்ள தள்ளி, திறந்த பக்கத்தைத் தறப்பாளால மூடிக் கட்டினனான். ஏசி நிண்டா அப்பா புழுங்கிப் போவாரெண்டு விடியுமட்டும் ஓடவிட்டனான்."

"அந்தப் பத்தி இந்தச் சுவருக்குப் பின்னாலதான். புகைக்கு வேற வழியில்லை. நஞ்சு பாலில வரேல்லை சிவகரன், இந்த ஓட்டையால வந்தது. வழி விட்டது நீர்."

சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தார். "டொக்டர், இது ஜெனரேற்றர் புகை!"

"உடன ஒக்சிசன் கூட்டுறம்," என்றார் டொக்டர். "ஆனா பிழைப்பாரெண்டு சொல்லேலாது."

சிவகரன் தலையிலடித்துக்கொண்டு தரையில் குந்தினான். பிறகு மனைவியின் கையைப் பிடிக்க வந்தான். ராஜினி கையை இழுத்துக்கொண்டாள்.

"ஊர் கேக்கக் கத்தினனீங்கள். சனம் இன்னும் படலையிலதான் நிக்குது. போய் அதே சத்தத்தில சொல்லுங்கோ, நான் வைக்கேல்லையெண்டு."

அவன் போனான். சனம் விலகி வழிவிட்டது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

"கேக்கேல்லை," என்றாள் ராஜினி.