வழக்கில் சிக்கிய ஆடு

ஒச்சாயியின் ஆடு கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனையூரில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைத் திங்கட்கிழமை சின்னான் என்பவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலமே ஆரப்பாளையத்தில் அதை விற்கப் பார்த்தான். போலீஸ் பிடித்துவிட்டது. இப்போது சின்னான் ஜெயிலில் இருந்தான். ஆடு போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது.

வீட்டில் இரண்டு குட்டிகள். பிறந்து பத்தே நாள். பசும்பாலைப் புட்டியில் கொடுத்தால் வாயைத் திருப்பிக்கொண்டன. செவ்வாய்க்கிழமை காலையில் கத்தக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிட்டன.

ஒச்சாயி அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் முத்திருளன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆடு இப்ப வழக்குச் சொத்து. கோர்ட்டு உத்தரவு இல்லாமத் தர முடியாது."

"அது எங்க ஆடுங்கய்யா" என்றார் அப்பா.

"யாரு இல்லேன்னா? பிடிக்கிறது எங்க வேலை. கொடுக்கச் சொல்றது கோர்ட்டு வேலை."

பஸ் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே குமாஸ்தா மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

"போலீஸையும் ஒரு வார்த்தை கேக்கணும். நீதிபதி அய்யா வெள்ளிக்கிழமைதான் விசாரிப்பாரு."

"அதுவரைக்கும் குட்டிக என்னத்தைக் குடிக்கும்?" என்று கேட்டாள் ஒச்சாயி.

குமாஸ்தா மனுவைப் புரட்டிப் பார்த்தார். "குட்டியைப் பத்தி இதுல ஒண்ணும் எழுதலையே, பாப்பா."

திரும்பும் வழியெல்லாம் அவள் புலம்பிக்கொண்டே வந்தாள். "பிடிச்சவுக கொடுக்க மாட்டாக. கொடுக்கிறவுக வெள்ளிக்கிழமைங்கிறாக. திருடுன ஆளுக்குக்கூட ஜெயில்ல சோறு போடுறாக. குட்டிக மட்டும் பட்டினியாப்பா?"



வீட்டுக்கு வந்ததும் ஒச்சாயி இரண்டு குட்டிகளையும் ஒரு கூடையில் எடுத்து வைத்தாள். "வாங்கப்பா, இன்னொரு தடவை ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றாள்.

கூடையைப் பார்த்ததும் முத்திருளன் பேனாவை மேசையில் போட்டார். "எத்தனை தடவைதான் சொல்றது? ஆட்டைத் தர முடியாது."

"ஆடு இங்கேயே இருக்கட்டும்யா. ஆட்டை வெளிய விடக் கூடாதுன்னுதானே சொன்னீக? குட்டியை உள்ள விடக் கூடாதுன்னு சொல்லலையே."

முத்திருளன் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி, சீக்கிரம்" என்றார்.

குட்டிகள் மடியை முட்டி முட்டிக் குடித்தன. வால்கள் படபடவென்று ஆடின.

மறுநாளிலிருந்து பள்ளிக்கு முன்னால் ஒரு தடவை, பள்ளி விட்டதும் ஒரு தடவை கூடை ஸ்டேஷனுக்குப் போனது. வியாழக்கிழமை முத்திருளன் வாசலிலேயே நின்றார்.

"ஏன் இம்புட்டு நேரம்? ஆடு கத்துற கத்துல ஒரு புகாரும் எழுத முடியல."

வெள்ளிக்கிழமை நீதிபதி ஆட்டைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஒச்சாயி வெளியே வந்தபோது, கோர்ட்டு வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே சின்னான் நின்றிருந்தான்.

"பாப்பா, குட்டிக இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"மடியப் பாத்தாத் தெரியாதா?" அவள் வெடுக்கென்று கேட்டாள்.

சின்னான் தலையைக் குனிந்துகொண்டான். ஒச்சாயிக்குக் கோபம் தீரவில்லை. இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள்.

"ரெண்டும் பொழைச்சிருச்சு" என்றாள்.

சின்னான் பெருமூச்சு விட்டான். ஒச்சாயி தன் ஆட்டை வாங்கிவர ஸ்டேஷனுக்குப் பஸ் பிடிக்க ஓடினாள்.