மூன்று பாக்கெட்டுகளும் ஒரு சிவப்புக் கரண்டியும்

என் சித்தி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள். பன்னிரண்டு மாடிக் கட்டடமானாலும் படியேறித்தான் வேலைக்குப் போவாள். "லிஃப்டை நீயே நம்ப மாட்டியா சித்தி?" என்று கேட்டால், "அது கெட்டுப்போச்சுன்னுதானேடி என்னையக் கூப்பிடுறாங்க" என்பாள்.

ஏறி ஏறி அவள் கால்கள் இரும்பாகிவிட்டன. ஆனாலும் ஒரு மாரத்தானை மட்டும் அவளால் ஓடி முடிக்க முடியவில்லை. மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு வருடமாக முயற்சி செய்தாள். இரண்டு முறையும் முப்பதாவது கிலோமீட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போன முறை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். அந்த வேனிலிருந்து இறங்கியபோது அவள் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த வருட ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பயிற்சிக்குப் போன சித்தி பாதியிலேயே திரும்பி வந்து கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"வாந்தியா?" என்று கேட்டாள் அம்மா.

"ரெண்டு தடவை. இந்தப் பச்சைப் பாக்கெட்டும் சரியில்லை அக்கா. மேல போட்டுடு."

நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு வெறும் தண்ணீர் போதாது. ஓட ஓட உடம்பில் இருக்கும் சக்தி தீர்ந்துபோகும். வியர்வையோடு உப்பும் போய்விடும். அதற்காகத்தான் தண்ணீரில் கலந்து குடிக்கும் பவுடர்கள் இருக்கின்றன. சித்தி முதலில் ஆரஞ்சு பாக்கெட் வாங்கினாள், வயிறு வலித்தது. பாதியிலேயே அலமாரி மேலே போட்டாள். பிறகு நீலம் வாங்கினாள். அதுவும் மேலே போனது. இப்போது பச்சை.

"உனக்கு எது ஒத்துக்குமோ அது இன்னும் கடைக்கே வரலை போல" என்றாள் அம்மா.

சித்தி சிரிக்கவில்லை. "இதான் கடைசி அக்கா. இந்தத் தடவையும் நடுவுல உட்கார்ந்துட்டா ஷூவைத் தூக்கி யாருக்காவது குடுத்துடுவேன். எனக்கு ஓட்டம் வராதுன்னு ஒத்துக்கிறேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். சித்தி ஓடாமல் இருந்தால் அது சித்தியே இல்லை.

அறிவுரைக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. "இருக்கறதுலயே பெரிய டப்பா வாங்கிக்கோங்க" என்றார் விளையாட்டுச் சாமான் கடைக்காரர். "சோடா குடி, போதும்" என்றார் சித்தியோடு வேலை பார்க்கும் அண்ணன். அவர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. யாரும் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. எனக்குப் பத்து வயதுதான், வீட்டில் என் பெயரே வாலுதான். ஆனால் எனக்கும் மூளை இருக்கிறது அல்லவா?

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் நாற்காலியைப் போட்டு ஏறி மூன்று பாக்கெட்டுகளையும் கீழே இறக்கினேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் எழுத்து விடாமல் படித்தேன். எறும்பை வரிசையில் நிறுத்தினது போல அவ்வளவு சின்ன எழுத்து.

'உள்ளே இருக்கும் கரண்டியால் ஒரு கரண்டி பவுடரை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கவும். அளவு கூடினால் வயிற்றுக் கோளாறு வரலாம்.'

உள்ளே இருக்கும் கரண்டியா? நான் எட்டிப் பார்த்தேன். பவுடர் மட்டும்தான் இருந்தது.

"அம்மா, சித்தி எதுல அளந்து போடுறாங்க?"

"அந்தச் சிவப்புக் கரண்டிலதான். பழைய பால் பவுடர் டப்பாவோடது" என்றாள் அம்மா மாவு பிசைந்துகொண்டே. அம்மாவுக்குப் பேக்கரியில் வேலை.

எனக்குள் ஏதோ பொறி தட்டியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆரஞ்சு பாக்கெட்டுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டேன். துழாவினேன். அடியில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால், குட்டியாக ஒரு வெள்ளைக் கரண்டி.

நீலத்திலும் கையை விட்டேன். அங்கேயும் ஒன்று. பச்சையிலும் ஒன்று. மூன்றும் மூன்று அளவு.

"வாலு, என்னடி இது கோலம்?" அம்மா திரும்பிப் பார்த்தாள். என் கை முழுக்க மூன்று நிறத்தில் பவுடர் ஒட்டியிருந்தது. மூக்கிலும்தான்.

"அம்மா, உன் தராசைக் குடேன்."

அம்மா வீட்டிலும் எதையும் எடை போடாமல் தொட மாட்டாள். தராசை என் முன்னால் வைத்தாள். ஆரஞ்சு பாக்கெட்டின் கரண்டியில் முப்பது கிராம் பிடித்தது. சிவப்புக் கரண்டியில் எழுபது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொரு முறை எடை போட்டுப் பார்த்தாள். அப்போதும் எழுபதுதான்.

"அடிப்பாவி" என்றாள் மெதுவாக. "இவ இத்தனை நாளா பாகு காய்ச்சிக் குடிச்சிருக்கா."

மாலையில் வேலை முடிந்து வந்த சித்தியின் முன்னால் மூன்று குட்டிக் கரண்டிகளையும் வரிசையாக வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேல கரண்டி இல்லைன்னதும் போட மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"எல்லாமே அடியில இருந்துச்சு சித்தி. நீ எந்தப் பாக்கெட்டையும் பாதிக்கு மேல தாண்டலை. எப்படிக் கிடைக்கும்?"

"அப்போ பவுடர் மேல தப்பில்லையா?"

"அது இனிமேதான் தெரியும்" என்றேன். "நான் சொல்றதைக் கேட்டா."

சித்தி கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்றாள்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு பவுடர், அதுவும் அதனுடைய கரண்டியில்தான். அதே பூங்கா, அதே ஏழு சுற்று, அதே காலைச் சாப்பாடு. மாறுவது பவுடர் மட்டும்தான். சுற்றுக்கொரு முறை புட்டியை நீட்டி, வயிறு எப்படி, கால் எப்படி என்று கேட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. சில சுற்றுகள் சைக்கிளில் கூடவே போனேன்.

முதல் ஞாயிறு ஆரஞ்சு. வயிறு அமைதியாக இருந்தது. சித்தி துள்ளினாள். ஆனால் ஆறாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுடைய கறுப்புச் சட்டை காய்ந்து, முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருந்தது. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"சீ, வியர்வையை நக்குறா பாரு" என்றாள் சித்தி.

"உப்பு. உனக்கு ரொம்ப உப்பு போகுது சித்தி. ஆரஞ்சுல சக்தி இருக்கு, உப்பே இல்லை. பின்னாடி போட்டிருக்கு."

இரண்டாவது ஞாயிறு நீலம். அதில் உப்புகள் மட்டும்தான். எலக்ட்ரோலைட் என்று எழுதியிருந்தது. கால் பிடிக்கவில்லை. ஆனால் ஆறாவது சுற்றில் சித்தி நடந்து வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"மோட்டார் நல்லா இருக்கு. கரண்ட்தான் வரலை."

மூன்றாவது ஞாயிறு பச்சை. அதில் சக்திக்குக் கார்போஹைட்ரேட், கூடவே நிறைய உப்பு, இரண்டும் இருந்தன. கிளம்பும் முன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள் சித்தி. "கடல் தண்ணி மாதிரி இருக்கு. ஆரஞ்சே போதும்டி. வாய்க்காவது நல்லா இருக்கும்."

"ஆறாவது சுத்துல சொல்லு."

ஆறாவது சுற்றில் வியர்வை சொட்டச் சொட்ட வந்தவள் புட்டியை வாங்கி மடமடவென்று குடித்தாள். நின்று என்னைப் பார்த்தாள். "இதே தண்ணிதானா? நல்லா இருக்கேடி."

ஏழாவது சுற்றையும் முடித்தாள். நான் நோட்டில் பச்சைக்கு நேராகப் பெரிய டிக் அடித்தேன்.

பிறகு வந்த இரண்டு ஞாயிறும் பச்சைதான். அளவு மாறவில்லை. வயிறும் வாய் திறக்கவில்லை.

ஓட்டத்தின் காலை. மைதானத்து வாசலில் ஒருவர் தங்க நிறப் பொட்டலங்களை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். "புதுசா வந்திருக்கு மேடம். ஒரு வாய் குடிச்சா பறக்கலாம்."

சித்தியின் கை தானாக நீண்டது. நான் அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"சாரி அங்கிள். இன்னைக்குப் புதுசா எதையும் குடிக்க மாட்டாங்க."

"இது யாரு, கோச்சா?" என்று சிரித்தார் அவர்.

"ஆமா" என்றாள் சித்தி. அவள் சிரிக்கவில்லை. எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

நானும் அம்மாவும் முப்பதாவது கிலோமீட்டர் பலகையின் கீழே புட்டியோடு போய் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. மெலிந்தவர்கள் போனார்கள், குண்டானவர்கள் போனார்கள், வெள்ளைத் தாடித் தாத்தா ஒருவர் எங்களுக்குக் கையாட்டிக்கொண்டே போனார். சித்தியை மட்டும் காணோம். போன வருடம் அவளை ஏற்றிப்போன அதே வேன் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது.

"அம்மா, நான் தப்பா கலந்துட்டேனா?"

"நான்தானே கூட இருந்து எடை பார்த்தேன்" என்றாள் அம்மா. ஆனால் அவளும் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

திருப்பத்தில் கறுப்புச் சட்டை தெரிந்தது. மெதுவாகத்தான் வந்தாள். ஆனால் ஓடி வந்தாள். கை வயிற்றில் இல்லை.

புட்டியை நீட்டினேன். ஓடிக்கொண்டே வாங்கினாள்.

"சித்தி, வயிறு?"

"தூங்குது. எழுப்பாதே."

பலகையைத் தாண்டினாள். முப்பத்தொன்று. இரண்டு வருடத்தில் சித்தி பார்த்தே இராத ரோடு அது. வேன் காலியாகவே நின்றது. நான் நடுரோட்டில் குதித்தேன். அம்மா விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நாங்கள் குறுக்கு வழியில் ஓடி முடிவுக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசி இருநூறு மீட்டரில் சித்தி வேகம் கூட்டினாள். அவளுக்கு முன்னால் போன மூன்று பேரைத் தாண்டினாள். இரண்டு கைகளையும் தூக்கியபடி கோட்டைக் கடந்து, நேராக வந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். வியர்வையும் கண்ணீரும் என் மேலெல்லாம் கொட்டின. அவள் நெஞ்சு பட்பட்டென்று அடித்தது எனக்குக் கேட்டது.

"முடிச்சிட்டேன் வாலு" என்றாள். "நாற்பத்திரண்டையும் முடிச்சிட்டேன்."

கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். அம்மா பயந்துகொண்டே கேட்டாள். "வயிறு இப்போ எப்படி இருக்கு?"

சித்தி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"பசிக்குது" என்றாள்.

அம்மா கொண்டுவந்திருந்த ரொட்டி முழுவதையும், ஆறு வாழைப்பழத்தையும், எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த கேக்கையும் சித்தி அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.