பச்சைப் போத்தலைத் தொடாதே!

"ஐயோ... முதலாளி விழுந்திட்டாரு!"

அந்த அலறல் வாவியைத் தாண்டி அக்கரைக்கே கேட்டிருக்கும்.

விழுந்தவர் நல்லரத்தினம். மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்கும் அந்த ஹோட்டலின் சொந்தக்காரர். பார் கவுண்டருக்கு முன்னால், உயரமான ஸ்டூலோடு சேர்ந்து சரிந்து கிடந்தார். முகம் அவித்த நண்டு மாதிரிச் சிவந்திருந்தது. பக்கத்தில் உருண்டு கிடந்த கிண்ணத்தில் இளம்பச்சை நிறத்தில் இரண்டு சொட்டு...

கவுண்டருக்கு அந்தப் பக்கம் வினோஜன் நின்றான். கையில் ஷேக்கர். உள்ளே இருந்த ஐஸை விட அவன் விரல்கள் குளிர்ந்து போயிருந்தன.

ஏன் குளிராது?

அந்தக் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தவனே அவன்தான்!

அம்புலன்ஸ் வந்தது. முதலாளியையும், அழுதுகொண்டே கூட ஏறிய அவர் மனைவி அன்னப்பூரணியையும் அள்ளிக்கொண்டு போனது. அதன் புழுதி அடங்குமுன் இன்ஸ்பெக்டர் வல்லிபுரம் வந்து இறங்கினார்.

"ஒருத்தரும் அசையப்படாது! ஆரு பார்க்காரன்?"

"நான்தான் சேர். வினோஜன்."

"அவருக்கு என்ன குடுத்த?"

"லாஸ்ட் வேர்ட்."

"அவர்ர கடைசிச் சொல்லை நான் கேக்கல்ல. என்ன குடிக்கக் குடுத்த?"

"அதுதான் சேர் பேரு! பழைய கொக்டெயில். அமெரிக்காவில நூறு வருசத்துக்கு முந்திக் கண்டுபிடிச்சது."

"பொருத்தமாத்தான் பேரு வச்சிரிக்கானுகள். குடிச்ச மனிசன் மறுகா வாயே திறக்கல்ல!"

மாலைதீவு ரிசோர்ட்டில் கற்றுவந்த வித்தையை எல்லாம் இறக்கி, 'பழைய கொக்டெயில் மாலை' என்று வினோஜன் ஆசையாக ஏற்பாடு செய்த நாள் இது. முதலாளியைக் கெஞ்சி வாங்கிய போத்தல்கள் பின்னால் தட்டில் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன... சாட்சிகள் மாதிரி!

"என்னென்ன ஊத்தின?"

"நாலு சாமான் சேர். நாலும் ஒரே அளவு. ஜின், தேசிக்காய்ப் புளி, மரஸ்கினோ எண்டு ஒரு செரிப்பழ லிக்கியூர், மறுகா இந்தப் பச்சைப் போத்தல். ஷார்த்ரூஸ்."

இன்ஸ்பெக்டர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன, வாய் கொப்பளிக்கிறதா?"

"பிரான்ஸ்ல சாமியார்மார் வடிக்கிற லிக்கியூர் சேர். நூற்றிமுப்பது மூலிகை போடுறாங்க."

"என்னென்ன மூலிகை?"

"தெரியா சேர். ரகசியம். ரெண்டு மூண்டு சாமியார்மாருக்கு மட்டும்தான் தெரியும்."

"தெரியாத சாமியார்... தெரியாத மூலிகை... குடிச்சவர் குப்புற! தம்பி, நீ கதைக்கக் கதைக்க எனக்கு வேலை குறையுது."

"ஐயோ சேர்! அது நல்ல சாமான் சேர்!"

"மத்த மூண்டையும் வேற ஆருக்காவது ஊத்தினியா?"

"ஓம் சேர். ஜின்னை அந்த மேசை ஐயாவுக்கு நெக்ரோனியில போட்டன். கம்பாரிர கசப்பு, வெர்மூத்திர இனிப்பு... ரெண்டுக்கும் நடுவில ஜின். ஐயா இன்னொண்டு கேட்டுக் கொண்டிரிக்காரு."

"தேசிக்காய்?"

"அந்த வெள்ளைக்கார அம்மாட டைக்கிரியில. றம், தேசிக்காய், சீனிப்பாணி. அவட புருசன் ஏவியேஷன் எண்டொரு கொக்டெயில் கேட்டாரு. அதில மரஸ்கினோ போட்டன்."

"எல்லாரும் உசிரோட இரிக்காங்களா?"

"இரிக்காங்க சேர். டைக்கிரி புளிப்புக் கூட எண்டு மட்டும் சொன்னாங்க."

"அப்ப பச்சைப் போத்தல்?"

வினோஜன் போத்தலைப் பார்த்தான்.

பச்சைப் போத்தலை இன்று முதலாளிக்கு மட்டும்தான் திறந்தான்!

தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே நின்று நிதானமாகத் திரித்துக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நேத்து நீயும் அவரும் கத்திக் கத்திச் சண்டை பிடிச்சதாமே. குசினியில சமைக்கிறவங்க சொல்லுறாங்க."

"இந்தப் போத்தல் முடிஞ்சா உள்ளுக்க பச்சைச் சர்பத்தை ஊத்தி வை எண்டாரு சேர். நான் மாட்டன் எண்டன்."

"வேறென்ன சொன்ன?"

"கோவத்தில சொன்னது சேர்..."

"சொல்லு!"

"'அப்பிடி ஊத்தினா முதல் கிண்ணம் உங்களுக்குத்தான்' எண்டன் சேர்."

கிளிக்!

கைவிலங்கு பூட்டிய சத்தம் அது.

வரவேற்பு மேசையிலிருந்து தக்ஷாயினி ஓடி வந்தாள். வினோஜனின் மனைவி. கழுத்தில் தாலி ஏறி மூன்று மாதம். கண்ணில் மை கலைந்து கன்னத்தில் கோடாக இறங்கியிருந்தது.

"சேர்! அவரு ஒரு எறும்பைக் கூட நசுக்கமாட்டாரு சேர்!"

"எறும்பு இவரிட்ட சர்பத் ஊத்தச் சொல்லல்லயே, தங்கச்சி."

வினோஜன் அவளைப் பார்த்தான். மனதுக்குள் ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவளை நிறுத்திப் பார்த்தான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"சேர்! இந்தப் போத்தல்ல விசம் இரிக்கெண்டுதானே சொல்லுறீங்க? நானே குடிச்சுக் காட்டுறன்!"

"என்னது?"

"ஒரு கிண்ணம் முழுக்க. உங்கட கண்ணுக்கு முன்னால."

விலங்கு பூட்டிய கைகளாலேயே போத்தலைத் திறந்தான். புல்வெளியும் புதினாவும் மருந்துக் கடையும் கலந்த மணம் எழுந்தது. கலியாணத்தன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் தக்ஷாயினியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகு அவன் ஒரு சொட்டையும் நாக்கில் வைத்ததில்லை. மணத்தை வைத்தே கலப்பான்.

மாமாங்கேஸ்வரர் இன்றைக்கு மட்டும் மன்னிக்கட்டும்!

கிண்ணம் உயர்ந்தது. உதட்டைத் தொட்டது...

"குடிக்காதீங்க!"

தக்ஷாயினி பாய்ந்து தட்டிவிட்டாள். கிண்ணம் சுவரில் மோதிச் சிதறியது!

இன்ஸ்பெக்டரின் முகத்தில் சிரிப்பு மெதுவாகப் பரவியது.

"ஓஹோ... அப்ப உள்ளுக்க என்ன இரிக்கெண்டு உங்களுக்குத்தான் தெரியும், என்ன?"

தக்ஷாயினி சிதறிய கண்ணாடியையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தக்ஷாவா? அவளா? ஏன்? எதற்கு? வினோஜனுக்கு எதுவும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அந்த மெலிந்த கைகளில் விலங்கு ஏறக்கூடாது.

"சேர்... அவக்கு ஒண்டும் தெரியா. நான்தான் விசம் வச்சன்!"

"இப்பதானே இல்லயெண்டு குடிக்கப் போன?"

"அது... சாகத்தான் குடிக்கப் போனன்!"

"லூசா உங்களுக்கு?" தக்ஷாயினி கத்தினாள். "போத்தல்ல ஒண்டுமே இல்ல சேர்! எல்லாம் புட்டுலதான் இரிக்கு!"

"புட்டுலயா?"

இன்ஸ்பெக்டரும் வினோஜனும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"குடியை நிப்பாட்டுற பவுடர் சேர்... சந்தைக்குக் கிட்ட ஒரு மனிசி விக்கிறா. நானும் அன்னப்பூரணி அக்காவும் சேர்ந்து போய் வாங்கினம். காலையில அக்கா முதலாளிர புட்டுல கலந்தவ. நான்... இவர்ர புட்டுல. குடிச்சா ஓங்காளிச்சுச் சத்தி வருமாம், மறுகா வாழ்நாளுக்கும் வெறுத்துப் போகுமாம் எண்டு சொன்னா. மனிசன் மரம் மாதிரி விழுவாரெண்டு சொல்லல்லயே!"

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. ஆஸ்பத்திரி!

காதில் வைத்தார். "ம்..." என்றார். "அப்பிடியா!" என்றார். வைத்தார்.

"மனிசன் பிழைச்சிட்டாரு. பொஞ்சாதி கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு எல்லாத்தையும் ஒப்புக்கொண்டிட்டாவாம். முதலாளி கண் முழிச்சதும் முதல் வேலையா அவக்கு ஏசினாராம்." பிறகு தக்ஷாயினியை முறைத்தார். "ஆளுக்குத் தெரியாம இதைக் குடுத்தா உசிரே போகும் எண்டு டொக்டர் சொல்லுறாரு! விளங்குதா? நீங்களும் முதலாளிர பொஞ்சாதியும் நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரணும்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

விலங்கு கழன்றது. வினோஜன் மணிக்கட்டைத் தேய்த்தபடி அவள் பக்கம் திரும்பினான். குரல் உடைந்தது.

"சத்தியம் செய்தன் தக்ஷா. மூண்டு மாசமா ஒரு சொட்டுத் தொடல்ல. நீ என்னை நம்பவே இல்லயா?"

"நம்பினன்."

"மறுகா ஏன் கலந்த?"

"நம்பினபடியாத்தான் துணிஞ்சு கலந்தன். குடிக்காத ஆளை அது ஒண்டும் செய்யாதாமே!"

வினோஜன் அதை இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தான். கலியாணமான எந்த ஆணுக்கும் அந்தக் கணக்கு வராது.

அவன் கையை எடுத்து அவள் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவனும் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் செருமினார்.

"அது சரி தங்கச்சி. அந்தப் பவுடர்க்காரி வேற ஆருக்கெல்லாம் வித்தவ?"

"பேரு தெரியா சேர். ஆனா எங்களுக்கு முன்னால பெரிய கூட்டம். எல்லாரும் உங்கட பொலிஸ் குவாட்டஸ் அம்மாமார். ஆளுக்கு நாலு பக்கட்!"

வல்லிபுரம் மனைவிக்குப் போன் போட்டு, மெதுவாகத் தூணுக்குப் பின்னால் போனார்.

"இஞ்சேர்... நான்தான். ராவைக்கு எனக்கு ஒண்டும் சமைக்காத. இண்டையில இருந்து நான் விரதம்... எந்தச் சாமிக்கெண்டு நாளைக்குச் சொல்லுறன்!"