முன்குரல்

முன்குரல் வந்தது. குரல் வரவில்லை.

சுழலும் ரெக்கார்டிலிருந்து ஊசியைத் தூக்கி, மறுபடியும் அதே இடத்தில் இறக்கினாள் அவள். நாலாவது பாட்டு முடிந்து ஐந்தாவது தொடங்குவதற்கு முந்தைய மௌனத்தில், வெகு தூரத்தில், பக்கத்துத் தெருவில் நடப்பதுபோல, ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. முதலில் ஒரு ‘ணங்’. பிறகு மூன்று சில்லுகள். கடைசியாக ஒரு துண்டு மட்டும் வட்டமடித்து வட்டமடித்து அடங்கியது.

அப்புறம் ஒன்றுமில்லை.

அப்படி இருக்கவே முடியாது.

ரெக்கார்டு அச்சடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் ‘காது’தான். அவளுக்கு வேறொரு பெயர் உண்டு என்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். அச்சிலிருந்து வரும் முதல் ரெக்கார்டை, ஜன்னலே இல்லாத, சுவரெங்கும் பஞ்சு அடைத்த இந்த அறையில் உட்கார்ந்து கேட்டுக் குறை சொல்வது அவள் வேலை. மூலத் தட்டில் ஊசி ஓடும் பள்ளம் வெட்டுவது அவள் அண்ணன் வேலை. ஒரு பள்ளத்தை அடுத்ததற்கு மிக நெருக்கமாக வெட்டிவிட்டால், நடுவிலிருக்கும் மெல்லிய சுவரைத் தாண்டிச் சத்தம் கசியும். பாடகன் அலறுவதற்குச் சரியாக ஒரு சுற்று முன்னால், இரண்டு வினாடிக்கும் கொஞ்சம் குறைவான நேரத்தில், அதே அலறல் மெலிதாக ஒருமுறை கேட்கும். அண்ணனும் தங்கையும் அதற்கு வைத்த பெயர்தான் முன்குரல்.

முன்குரல் கேட்டால் ஒரு சுற்றில் குரல் வந்தாக வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அது தவறியதில்லை.

சுழன்றுகொண்டிருந்தது முப்பது வருடத்துக்கு முந்தைய ஹெவி மெட்டல் ஆல்பம். கடைசிப் பாட்டைப் பதிவு செய்த அன்றே அந்தக் குழு கலைந்துபோனதாம். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. வேறு யாரோ போட்ட மறுபதிப்பில் எல்லாச் சத்தத்தையும் ஒரே உயரத்துக்கு நசுக்கி வைத்திருந்தார்கள். ரசிகர்கள் அதைத் தகர டப்பா என்று காறித் துப்பினார்கள். இந்த முறை டிரம் அடித்தால் நெஞ்சில் உதைக்க வேண்டும் என்று சொல்லி, அசல் டேப்பையே கொண்டுவந்து கொடுத்திருந்தார் கஸ்டமர். முன்குரல் இருக்கிறதென்று அண்ணனின் இரண்டு வெட்டுகளைக் காது திருப்பி அனுப்பிவிட்டாள். இது மூன்றாவது.

“இதுவும் குறையா?” அண்ணன் கதவில் சாய்ந்து நின்றான். ஆறடி உடம்பு. பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல். “உன் காதை அறுத்து ஷோகேஸ்ல வைக்கப் போறேன். குடு இப்படி.”

“நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல டம்ளர் உடையுதுண்ணா. முன்குரல் மட்டும்தான். குரலே இல்ல.”

“டேப்புல ஏதும்மா டம்ளர்? நூறு தடவை கேட்டுட்டேன்.”

“நீயே கேட்டுப் பாரு.”

குனிந்து கேட்டான். வருடக்கணக்காக இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று மழுங்கிப்போன காது அவனுக்கு. உதட்டைப் பிதுக்கினான்.

“ஒண்ணுமில்ல. காலையில சாப்பிட்டியா நீ? பசி மயக்கத்துல டம்ளர் உடையுது, நாளைக்குப் பானையே உடையும்மா.”

கோபமோ கொஞ்சலோ, அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே அவன் பேச்சுக்கு அந்த ‘ம்மா’தான் வால்.

“முன்குரலாச்சே, உனக்கெங்க கேட்கும்? அதுல அடித்தொனியே தங்காதே.”

அது உண்மை. முன்குரலில் டிரம் நகத்தால் தட்டுவதுபோல ஆகிவிடும். சிங்கம் மாதிரி உறுமும் அந்தப் பாடகனே பூனைக்குட்டி ஆகிவிடுவான். முதல் வெட்டைக் கேட்டபோது, “ஐயோ பாவம், யாரோ வாலை மிதிச்சுட்டாங்க” என்று அண்ணன் சொல்லப்போய், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்கள்.

அவன் போனான். வார விடுமுறை நாள். கட்டடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஒரு மணி நேரம் கழித்து, அலமாரியில் அவன் வைத்துவிட்டுப் போன டீ டம்ளர், யார் கையும் படாமல் விளிம்புக்கு நகர்ந்து விழுந்தது.

ணங். மூன்று சில்லு. ஒரு துண்டு வட்டமடித்து, வட்டமடித்து, அடங்கியது.

காது வெகு நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடான பிளாஸ்டிக்கின் மணமும் பழைய பஞ்சின் மணமும் கலந்து கிடந்த அந்த அறையில், தன் ரத்தம் ஓடுவது தனக்கே கேட்கும் அந்த நிசப்தத்தில், எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போகவில்லை. மறுபக்கம் பாக்கியிருந்தது. குறை எங்கே என்று தெரியாமல் எழுந்து அவளுக்குப் பழக்கமில்லை.

ரெக்கார்டைத் திருப்பினாள். தட்டு ஆடாமலிருக்க நடுவில் வைக்கும் பித்தளைக் குண்டை வைத்தாள். ஊசியை இறக்கினாள்.

ஏழாவது பாட்டுக்குப் பின்னால், மெலிதாக, நாற்காலி சாயும் சத்தம். ஒரு பெண் ‘ஸ்ஸ்’ என்று மூச்சிழுத்தாள்.

பத்து நிமிடம் கழித்து, குறிப்பேட்டை எடுக்க எழுந்தபோது நாற்காலி சாய்ந்து அவள் முழங்காலில் இடித்தது. ‘ஸ்ஸ்’ என்றாள்.

அதே மூச்சு. அவள் மூச்சு.

ஒரு மணி நேரம். பிறகு பத்து நிமிடம். இடைவெளி சுருங்குகிறது.

கடைசிப் பாட்டும் முடிந்தது. பாட்டே இல்லாத கடைசி வளையங்களுக்குள் ஊசி நுழைந்தது. அங்கே மூன்று அடி. மரத்தின் மேல். மரம் பிளந்தது. அப்புறம் வேறு மாதிரி அடி. ஈரமான, மொத்தையான அடி. எண்ணினாள். ஐந்து. முதல் இரண்டு அடிக்கும் நடுவில், கீச்சென்று ஒரு மெல்லிய குரல்:

“அடிக்காத… அம்மா!”

கட்டடத்தில் வேறு பெண் இல்லை.

*உன் காதை அறுத்து ஷோகேஸ்ல வைக்கப் போறேன்.*

ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். போன் வெளியே மேஜையில் இருந்தது. ஊசியைத் திரும்ப வைத்துக் கேட்டாள். அதேதான். மறுபடியும் வைத்தாள். வலியில் யாரும் கத்தும் ‘அம்மா’. உயிருக்குக் கெஞ்சும் ஒரு பெண்.

கதவுக்கு வெளியே யாரோ தட்டினார்கள். பஞ்சுக்குள் அமுங்கி, “காது… ஏய் காது…” என்று கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கைப்பிடி அசைந்தது. நின்றது. காலடிகள் வேகமாகப் போயின.

வேகமாகத் திரும்பி வந்தன.

ஸ்பீக்கரில் மெலிதாக, டொக்.

ஒரு சுற்று.

கதவில் இடி விழுந்தது.

டொக். ஒரு சுற்று. இடி.

டொக்.

மரம் பிளந்தது. தாழ்ப்பாள் தெறித்தது. அண்ணன் நின்றான். கையில் சுத்தியல். வாய் திறந்திருந்தது. ஏதோ கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை.

பித்தளைக் குண்டு எப்போது அவள் கைக்கு வந்தது?

நெற்றிப் பொட்டில் விழுந்தது முதல் அடி. எலும்பு உள்ளே போனதை அவள் உள்ளங்கை உணர்ந்தது. அவன் மண்டியிட்டான். சுத்தியல் விழுந்தது. இன்னொரு கையிலிருந்த தண்ணீர் பாட்டிலும் விழுந்து உருண்டது.

தண்ணீர் பாட்டில்.

“அடிக்காத…” என்றான். பீப்பாய்க்குள்ளிருந்து. அடித்தொனி முழுசாக, நெஞ்சில் உதைக்கும்படி. “…ம்மா.”

அவளுக்குப் புரிந்தது.

கை நிற்கவில்லை.

ரெக்கார்டில் ஐந்து அடி இருந்தது. இரண்டு. அவன் பல் அவள் கழுத்தில் தெறித்தது. மூன்று. நாலு. ஐந்தாவது விழும்போது அங்கே முகம் என்று ஒன்று இருக்கவில்லை.

நிசப்தம்.

கடைசி வளையத்தில் சிக்கிய ஊசி, சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றது. டக். டக். அவள் விரல்களிலிருந்து சொட்டிய ரத்தம் அதே தாளத்தில் சொட்டியது.

அப்போது ஸ்பீக்கருக்குள், வெகு தூரத்தில், நகங்கள் தரையைப் பிறாண்டின. ஈரமாக ஏதோ இழுபட்டது. பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல், கொஞ்சலாக, சொன்னது:

“காதைக் குடும்மா.”

டக்.

ஒரு சுற்று.

தரையில் நகங்கள் பிறாண்ட ஆரம்பித்தன.